இரண்டு அவகாசம்

என் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர்கூட இப்போது என் வீட்டில் இல்லை. நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான். வேலந்தாவளம் சந்தைக்கு வரும் பெண்கள் சிலர் அதை வேறு மாதிரி விசாரிப்பார்கள். "ஏனுங்க, அந்தப் புள்ளையும் போயிருச்சுங்களா?" என்று, நான் வளர்த்த கோழியை நரி தூக்கிக்கொண்டு போனதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. முன்பெல்லாம் சண்டைக்கே போய்விடுவேன். இப்போது, "போயிருச்சுங்க. அம்மாகிட்டயே போயிருச்சுங்க. போறதுக்குத்தானுங்க வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தக்காளி பொறுக்கப் போய்விடுகிறேன்.

நான் ஒரு போற்றம்மா. அரசாங்க ஆபீசில் அப்படித்தான் சொல்வார்கள். பெற்றவர்களால் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை, அந்த வீடு சரியாகும்வரை நம் வீட்டில் வைத்து வளர்ப்பது என் வேலை. இது தத்து எடுப்பது அல்ல. தத்து எடுத்தால் பிள்ளை நமக்கே. இங்கே பிள்ளை திரும்பிப் போக வேண்டும். போற்றுவது என்றால் மலையாளத்தில் ஊட்டி வளர்ப்பது, நம் தமிழில் புகழ்வது. என் வீட்டுக்காரருக்கு இது போதாதா? மாட்டுச் சந்தைக்கு எதிரே கயிறும் கழுத்துமணியும் விற்கிற மனிதர். சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் அடுப்படிக்கு வந்து இரண்டு கையையும் கூப்பி, "போற்றி, போற்றி" என்பார். கையில் இருக்கும் கரண்டியைக் காட்டினால் போய்விடுவார்.

கேரள எல்லையில் குடியிருக்கிற எங்களுக்கு இதெல்லாம் பழக்கம். ஒரே சொல் அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்கும். எது எங்கே என்று யோசிக்காமலே மாற்றி மாற்றிப் புழங்குவோம். அப்படி ஒரு சொல்லால் ஒரு பெண் தன் பிள்ளையையே இழக்க இருந்தாள். அந்தப் பிள்ளை என் வீட்டில் இருந்தபோது நடந்தது அது.

அந்தப் பிள்ளை ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டைச் சேர்ந்தவள். குடிகாரப் புருஷனுக்குப் பயந்து, அவளுடைய அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்து எங்கள் பக்கம் வந்து, ஒரு தென்னந்தோப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தோப்புக்குள்ளேயே ஒரு சின்ன வீடு. புருஷன் எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்துவிட்டான். அம்மா அடுப்படியில் இருந்தாள். கதவைத் தட்டி, "அப்பாதாம்மா, பன்னு வாங்கியாந்திருக்கேன், தொற" என்றிருக்கிறான். பிள்ளை திறந்துவிட்டாள். அவன் உள்ளே வந்து அம்மாவின் கையை முறித்துப் போட்டான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவனைப் போலீஸ் பிடித்துப் போனது. பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

வந்த புதிதில் யாராவது கதவைத் தட்டினால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கூப்பிட்டால் வர மாட்டாள். ஒருநாள் நானும் முட்டி வலியோடு தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்து, "என்ன கண்ணு, எதுக்கு இப்புடி?" என்று கேட்டேன். "நாந்தான் தொறந்தேன்" என்றாள். இத்தனை சின்னப் பிள்ளை இவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று அந்த மனிதன் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ செய்தது தப்பே இல்லை என்று நூறு தடவை சொன்னேன். அது காதில் ஏறவில்லை. எனவே அவளுக்கு ஒரு அதிகாரம் கொடுத்தேன். "இனிமே இந்த ஊட்டுத் தாப்பா உன்ற பொறுப்பு. தெரிஞ்ச கொரலா இருந்தாலுஞ் செரி, உங்கூட ஊட்டுல இருக்கற பெரியவங்க வந்து 'தொற'ன்னு சொல்லாம நீ தொறக்கக் கூடாது. எவன் வந்து என்ன குடுக்கறேன்னு சொன்னாலும்." பிள்ளை தலையை ஆட்டினாள். மறுநாளே மழை. நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் என் வீட்டுக்காரர், "அம்மிணி, நாந்தான், தொறம்மா" என்கிறார். உள்ளேயிருந்து, "தெரியுதுங்க. போத்தம்மா வரட்டுங்க" என்று பதில் வருகிறது. போற்றம்மா அவள் வாயில் போத்தம்மா ஆகியிருந்தது. நான் போகும்வரை அந்த மனிதர் தன் சொந்த வீட்டு வாசலில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வந்ததும் அவள் தலையில் கைவைத்து, "எங்கூட்டுக்கு இப்பத்தானுங்க சரியான காவல் கெடச்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவள் கட்டிலுக்கு அடியில் போகவில்லை.

இடையில் பாலக்காட்டில் கமிட்டி கூடியது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும், எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தக் கமிட்டிதான். அம்மா கையில் கட்டோடு வந்திருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டு அழுதாள். பிள்ளையை நிரந்தரமாகப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அவளுக்குப் பயம். தலைவராக இருந்தவர் நல்ல மனிதர். "பேடிக்கண்டா" என்று பயம் வேண்டாமெனச் சொல்லிவிட்டு, "குட்டியுடெ மேல் நிங்ஙள்க்கு அவகாசம் உண்டு" என்றார். அவள் முகம் மலர்ந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அவகாசம் குடுத்துட்டாகக்கா" என்றாள். நானும், "ஆமாங்க, பயப்படாதீங்க" என்றேன். பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் ஏலப்பாறைக்கே திரும்பிப் போனாள். அங்கே அவளுடைய அக்கா எஸ்டேட்டில் வேலையில் இருந்தாள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச் முடிந்து போன் பண்ணுவாள். பேசி முடித்தால் பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு கிடப்பாள். பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றே போனது. மாதங்கள் போயின. பிள்ளை எங்கள் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுவாள். எந்த மணி எந்த மாட்டுக்கு என்று கடைக்கு வருகிறவர்களுக்கே சொல்லிக்கொடுப்பாள். ஆனால் அம்மா வரக்கூடிய தமிழ்நாட்டுப் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கல்லாப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பாள். "எங்கம்மாக்குக் கை சரியாயிருக்குமாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். எப்போது வருவாள் என்று மட்டும் கேட்டதேயில்லை.

ஆபீசிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஒரு பெண் உண்டு. டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். திருச்சூர்ப் பக்கத்துக்காரி. தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. பிள்ளைகள் விஷயத்தில் தூங்க மாட்டாள், அவ்வளவு அக்கறை. அவள் ஒருநாள் வந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள். குட்டியின் மேல் தனக்கு அவகாசம் இல்லை என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டாளாம். உறுதியா என்று மறுபடியும் கேட்டதற்கு, அவகாசமே இல்லை என்றாளாம். வருவதுமில்லை, கூப்பிடுவதுமில்லை, இப்போது வாயாலேயே சொல்லியாயிற்று. கமிட்டி இனிப் பிள்ளையைத் தத்துக்குக் கொடுக்கலாம் என்று எழுதிவிடும். அதற்குப் பிறகு அவள் எந்த ஊருக்குப் போவாள், யார் வீட்டுக்குப் போவாள், என் கையிலும் இல்லை, டீச்சர் கையிலும் இல்லை.

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. நான் பொறுமைசாலி இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். ஒருத்தி கஷ்டத்தில் இருந்தால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் பெற்ற பிள்ளையைப் போனில் வேண்டாம் என்று சொல்கிறவளை எப்படிச் சும்மா விடுவது? "நானு நேரா போயி அவ மூஞ்சியப் பாத்துக் கேக்கோணுங்க" என்றேன். டீச்சருக்கும் மனசு ஒப்பவில்லை. எப்படியும் நேரில் ஒருமுறை பார்த்துத்தானே எழுத வேண்டும் என்று ஆபீசில் அனுமதி வாங்கிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் குறுக்கே தாண்ட வேண்டியிருந்தது. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம். அங்கிருந்து கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை வழியாக ஏலப்பாறை. மலை வளைவுகளில் டீச்சர் வாந்தி எடுத்து எடுத்து அரை ஆளாகிவிட்டாள். அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, நான் அந்த அம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன. ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது.

லயத்து வாசலில் காத்திருந்தோம். லயம் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கான வரிசை வீடுகள். கொளுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளோடு அவள் மேலே ஏறி வந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "யக்கா! பிள்ளைய எங்க? கூட்டியாரலையா?" என்றாள்.

"எதுக்குங்க கூட்டியாரோணும்?" என்று ஆரம்பித்தேன். "அதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களே. பெத்த புள்ளைய வேண்டாம்னு சொல்ல எப்புடீங்க வாய் வந்துச்சு?" பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. நான் நிறுத்தவில்லை. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "நா எப்பக்கா வேண்டாம்னேன்? டீச்சரு போன்ல, அவகாசம் இருக்கான்னு கேட்டாக. கொளுந்து சீசன், ஒரு நா லீவு போட்டாலும் எஸ்டேட்டுல பேரு பதிய மாட்டாக, பேரு பதியாம வீடு குடுக்க மாட்டாக. அதான் இப்ப வர அவகாசம் இல்லன்னு சொன்னேன். அது தப்பா?" என்றாள்.

அந்தச் சொல் இரண்டு காதிலும் இரண்டு மாதிரி கேட்டது. நம் தமிழில் அவகாசம் என்றால் நேரம், தவணை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. டீச்சர் உரிமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இவள் நேரம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அதற்கும் முன்னால், பாலக்காட்டில் அந்தத் தலைவர் பிள்ளை மேல் உனக்கு உரிமை இருக்கிறது என்று சொன்னபோது, உனக்குத் தவணை கொடுத்திருக்கிறோம் என்று இவள் கேட்டிருக்கிறாள். நானும் அதே அறையில்தான் இருந்தேன். ஆமாங்க என்று தலையும் ஆட்டினேன்.

"அப்பறம் ஏனுங்க போனே பண்ணல?" என்று கேட்டேன். இப்போது என் குரல் இறங்கியிருந்தது.

"அவகாசம் குடுத்திருக்காகல்ல. சும்மா போன் பண்ணித் தொந்தரவு பண்ணா அதக் கொறச்சிருவாகளோன்னு பயம். பிள்ளையும் ஒவ்வொரு தடவையும் அழுவுது. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு ஒரேயடியா வந்து கூப்புட்டுக்கலாம்னு இருந்தேன்."

நான் டீச்சருக்கு மலையாளத்தில் எடுத்துச் சொன்னேன். வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்த பெண், "என்டெ தெய்வமே" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஞானாணு சோதிச்சது. ரெண்டு ப்ராவஸ்யம்." நான்தானே கேட்டேன், இரண்டு தடவை கேட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். பாவம், சந்தேகமில்லாமல் இருக்கட்டும் என்றுதான் இரண்டாம் தடவை கேட்டிருக்கிறாள்.

அம்மா எங்களை உள்ளே கூட்டிப்போனாள். பேர் பதிந்து, போன வாரம்தான் அக்கா வீட்டை ஒட்டிய வீடு கிடைத்திருந்தது. புருஷன் அவள் பக்கமே வரக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தாள். அவன் ஜாமீனில் வெளியே வந்து தேனிப் பக்கம் அவனுடைய அண்ணன் வீட்டில் இருந்தான். கதவு புதுக் கதவு, தாப்பாள் இரும்புத் தாப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் தட்டினால் அக்கா ஓடிவந்துவிடுவாள் என்று தட்டிக் காட்டினாள். அந்தப் பக்கமிருந்து அக்காவும் தட்டினாள். முறிந்த கை சரியாகியிருந்தது, ஆனால் முழங்கை முழுதாக நீளவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி இவ்வளவையும் செய்திருந்தாள். நான் திட்டுவதற்கென்று கோர்த்து வைத்திருந்த வார்த்தைகளை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது.

சுவரில் தாழ்வாக ஒரு ஆணி அடித்திருந்தாள். பிள்ளை ஸ்கூல் பை மாட்டுவதற்காம். "அவ இப்ப இதவிட வளந்துட்டாளுங்க" என்றேன். "எம்புட்டு?" என்று கேட்டாள். என் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா வீட்டில் சுத்தியல் வாங்கிவந்து, ஆணியைப் பிடுங்கி, என் கை இருந்த உயரத்தில் அடித்தாள்.

அடுத்த கமிட்டியில் டீச்சரே எழுந்து நடந்ததைச் சொன்னாள். தெற்று என்னுடையது, தப்பு என் மேல்தான் என்று சொன்னாள். சாக்கு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் அப்போது வந்த மரியாதை இன்றுவரை ஒரு துளி குறையவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அவகாசம் உண்டோ?"

"உரிமையும் இருக்கு சார், நேரமும் இருக்கு" என்றாள் அவள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைவரும்தான். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் நீளாத கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அனுப்பிவிடவில்லை. அங்குள்ள ஆபீசர்கள் போய் வீட்டைப் பார்த்தார்கள், அந்தப் புருஷன் எங்கே இருக்கிறான் என்று உறுதி செய்தார்கள். தினமும் வீடியோவில் பேச வைத்தார்கள். லீவுக்குச் சில நாள் போய் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், பிள்ளையைச் சேர்த்து வைப்பதைவிடப் பத்திரமாகச் சேர்த்து வைப்பதற்குத்தான் நாள் பிடிக்கிறது. வீடியோவில் பிள்ளை, "சாப்டீங்களாங்க அம்மா?" என்றதும் அம்மா திகைத்துப்போய், "என்னட்டி, அம்மாவப் போயி ங்கங்குற?" என்று சிரித்தாள். அழுகையும் சேர்ந்தே வந்தது. இரண்டொரு வாரத்தில் பிள்ளைக்குப் பழைய பேச்சு வந்துவிட்டது. என்னிடம் மட்டும் 'ங்க'வை விடவில்லை.

அவள் போகும் நாளில் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு வெண்கல மணியை எடுத்துத் துடைத்து, கயிறு கோர்த்துக் கொடுத்தார். "கதவுல கட்டிக்கோ அம்மிணி. ஆரு தொட்டாலுஞ் சொல்லும்" என்றார். பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அழும்போதே பெருமையாகவும் இருந்தது. பிள்ளையின் சின்னத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இன்னொரு பிள்ளை வரும்போது வேண்டுமே.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்க ஏலப்பாறைக்குப் போனேன். சொல்லாமல் போனேன், திடீரென்று போய் நின்றால் பிள்ளை துள்ளிக் குதிப்பாளே என்ற ஆசையில். லயத்து வாசலில் லேசான மழை. கதவைத் தட்டினேன். உள்ளே மணி அசைந்தது.

"ஆரது?"

"நாந்தான் கண்ணு, போத்தம்மா. தேங்காப் பன்னு கொண்டாந்திருக்கேன்."

கதவுக்கு மிக அருகில் அவள் மூச்சு விடுவது கேட்டது. "போத்தம்மா, நீங்கதான்னு நல்லாத் தெரியுதுங்க" என்றாள். குரலில் அழாத குறை. "ஆனா அம்மா கொளுந்துக்குப் போயிருக்காங்க. பெரியம்மா தண்ணி எடுக்கப் போயிருக்காங்க. யாராச்சும் வந்து சொன்னாத்தானுங்க தொறப்பேன். நனையுறீங்களாங்க?"

"இல்ல சாமி, நனையல. நீ தொறக்காத" என்றேன். முந்தானை முழுக்க ஈரம். அப்பாவின் குரலுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பிள்ளை, இன்று என் குரலுக்கே திறக்கவில்லை. எனக்கு இதைவிட என்ன வேண்டும்? பன்னுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அவளும் உள்பக்கம் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்போல. அவ்வப்போது மணி மெதுவாகக் கிணுங்கியது. ஸ்கூல் கதையெல்லாம் கதவு வழியாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறக்கச் சொல்லும் அவகாசம் அவளுடைய அம்மாவுக்குத்தான். கீழே தேயிலைக்கு நடுவில் அவள் ஏறி வருவது தெரியும்வரை உட்கார்ந்திருக்க எனக்கும் அவகாசம் நிறைய இருந்தது. என்னுடையது தமிழ் அவகாசம்.